வாட்டுக்கு எத்தனை

ஜெரால்டுக்கு வேகம் பிடிக்கும்.
மூன்று விசிறி, ஓரமெல்லாம் வண்ண விளக்கு,
முப்பத்திரண்டாயிரம் சொன்ன கிராபிக்ஸ் கார்டை
பிறந்த பிள்ளையை வாங்குவதுபோல்
இரண்டு கையிலும் ஏந்தினான்.
நான் பெட்டியைத் திருப்பி
அது குடிக்கும் மின்சாரத்தைப் படித்தேன்.
முந்நூறு வாட்.

அரிசி மில்லில் பேரேடு எழுதுகிறவள் நான்.
கிரிப்டோ எனக்குத் தெரியாது. வட்டி தெரியும்.
கழனிவாசல் டீக்கடையில்
வடை மடித்த தாளின்
எண்ணெய் படாத மூலையில் கூட்டினேன்.

பெரியது நாளுக்கு நூறு ரூபாய் தோண்டித் தரும்.
ஏழு யூனிட்டும் சில்லறையும் தின்னும்.
கடை மீட்டர், யூனிட் ஒன்பதரை.
அறுபத்தெட்டு வாரியத்துக்கு.
மிச்சம் முப்பத்திரண்டு.

பழைய சரக்கு ஒன்று, விளக்கில்லாதது,
பதினாலாயிரம். நாளுக்கு அறுபதுதான்.
தின்பது இருபத்தேழுக்கு.
மிச்சம் முப்பத்துமூன்று.

ஜெரால்டு தாளை வாங்கி
மறுபடி கூட்டினான்.
அப்புறம் இன்னொரு டீ சொன்னான்.

மதுரையிலிருந்து தனசேகர் என்றொருவர்
ஜவுளிக்கடைப் பையில் ஆறு கார்டு கொண்டுவந்தார்.
“கேம் மட்டும் ஆடினது மேடம்.
பையன் பத்தாவது, அதான் விக்கிறோம்.”
திருகாணித் தலைகள் தேய்ந்திருந்தன.
விசிறி இறக்கையில்
ஓய்வே அறியாத தூசு.
“ஆறுலயும் ஒரே பையனா ஆடினான்?”
அவர் சிரித்துவிட்டு
கார்டுக்கு எண்ணூறு குறைத்தார்.

செக்காலை ரோட்டில் டயர்க்கடை மாடி.
தகரக் கூரை. சித்திரை.
ஜெரால்டு மின்னழுத்தத்தை இறக்கினான்:
நூற்றிருபது வாட் தொண்ணூறானது,
வரவில் இரண்டு ரூபாய் போனது,
செலவில் ஏழு போனது.
அன்றைக்குத்தான் அவனை
நல்ல கணக்குப்பிள்ளை என்று ஒத்துக்கொண்டேன்.
ராத்திரி மூன்று மணிக்கும்
அவை ஓடிக்கொண்டிருந்தன,
கடன்காரன் தூங்கினாலும்
வட்டி தூங்காத மாதிரி.

“என்னத்தப்பா தோண்டுறீங்க?”
கீழேயிருந்து மாயழகு ஏறி வந்தார்.
நாணயம் என்றான் ஜெரால்டு.
“கையில குடு பாப்போம்.”
செல்போனைக் காட்டினான்.
அவர் அதைப் பார்த்தார், கார்டுகளைப் பார்த்தார்,
பின்னால் வந்த அனலில் உள்ளங்கையை வைத்தார்.
“சூடு நெசந்தான்” என்று
தோளிலிருந்த ஈரத்துண்டை
அங்கேயே காயப்போட்டார்.
அதற்குப் பிறகு தினமும்.

ஒன்பதாம் மாதம் விலை விழுந்தது.
ஐம்பத்தெட்டாக இருந்தது பத்தொன்பதானது.
மின்சாரமோ இருபது.
மாதாந்திரப் பராமரிப்பு என்று
காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை
கரண்ட் இல்லாத அந்த ஒரு நாள்தான்
நாங்கள் நஷ்டப்படாமல் இருந்தோம்.
“ஏறும் உமையாள், ஏறும்” என்றான் ஜெரால்டு.
நான் சுவிட்சை அணைத்தேன்.
காதுக்குள் விசிறிகள் மட்டும்
வெகுநேரம் சுற்றின.

புதுவயலிலிருந்து
கல்யாண ஆல்பம் செய்யும் வள்ளிக்கண்ணு
ஒரு கார்டு கேட்டு வந்தார்.
பெட்டியைத் திறந்ததும் அதே கேள்வி:
“கேம் ஆடினதா?”
ஜெரால்டு என்னைப் பார்த்தான்.
அவன் பார்வையில்
தனசேகரின் பத்தாம் வகுப்புப் பையன்
எழுந்து நின்றான்.

“இல்லை. மைனிங். ஒன்பது மாசம், ராப்பகலா.
அதுக்கு முன்னாடி எத்தனை மாசம்னு தெரியாது.”

இரண்டாயிரம் குறைத்துக் கேட்டார்.
கொடுத்தோம்.

அன்றிரவு ஐந்தொகை போட உட்கார்ந்தேன்.
தேய்மானத்துக்கு ஒரு தலைப்பு இருக்கிறது,
மின்கட்டணத்துக்கு, வண்டி வாடகைக்கு,
மாயழகுக்குக் கொடுத்த மாடி வாடகைக்கு.
அந்த இரண்டாயிரத்துக்கு இல்லை.
பேனாவை மூடித் திறந்து
நாணயம் என்று எழுதினேன்,
பற்றுப் பக்கத்தில்.
“எந்த நாணயம்?” என்கிறான் ஜெரால்டு.

மீதி ஐந்தும் மாடியில் கிடக்கின்றன.
மாயழகு இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்,
திரும்ப எப்போது போடுவீர்கள்,
துண்டு காயமாட்டேன் என்கிறது.