நூற்று எழுபத்து மூன்றரை

கொராஸ்டின் கடைச் சுவரில் ஓர் அட்டவணை.
மீடியம் நூற்று எழுபத்து மூன்றில் முடிகிறது.
லார்ஜ் நூற்று எழுபத்து நான்கில் தொடங்குகிறது.
நடுவே மெல்லிய சாம்பல் கோடு.
நான் அந்தக் கோட்டில் குடியிருப்பவள்.

ஷூவைக் கழற்று நெஷா, என்றான்.
குதிகாலைச் சுவரோடு ஒட்டு. மூச்சை இழுக்காதே.
என் உச்சந்தலையில் செயின் பெட்டியை வைத்து
பென்சிலால் கீறினான்.
மூன்று. சந்தேகமே இல்லை. மீடியம்.

இரவுப் பணி முடிந்து நேரே வந்திருந்தேன்,
எலும்பு முறிவு வார்டில்
பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்களோடு,
கனத்த மனிதர் ஒருவரை மூன்று முறை
புரட்டிப் படுக்கவைத்த முதுகோடு.

தூங்கி எழுந்து, நாலு மணிக்கு
மனசு கேட்காமல் மறுபடி போனேன்.
அதே சுவர். அதே பெட்டி. அதே பென்சில்.
கோடு காலையில் போட்டதற்கு மேலே விழுந்தது,
ஒரு நகத்தின் அகலம்.
நான்கு. அதற்கும் ஒரு துளி கூட.
கொராஸ்ட் சுவரை முறைத்தான்,
அது அவனிடம் கடன் வாங்கியதுபோல.

முதுகெலும்பின் வட்டுகளில் தண்ணீர் இருக்கிறது, என்றேன்.
நின்றால் பிழிந்துவிடும், படுத்தால் ஊறிவிடும்.
ஊருக்கெல்லாம் காலையில் உயரம்.
எனக்கு மாலையில்.
எழும்போது லார்ஜ்,
படுக்கப் போகும்போது மீடியம்.

கால் லார்ஜ் கேட்டது. உடல் மீடியம் கேட்டது.
கை இரண்டுக்கும் ஆமாம் போட்டது.
பிசியோதெரபி ல்யூபோ, பெரியதை வாங்கு,
இறக்கத்தில் நீளம்தான் துணை, என்றான்.
எக்ஸ்ரே அறை தரிங்கா கேட்டாள்:
சின்னதற்கு சீட்டை உயர்த்தலாம்,
பெரியதை எங்கே கொண்டுபோய் நறுக்குவாய்?

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்,
பெட்சா மலையின் பழைய ஈயச் சுரங்கப் பாதையில்.
லார்ஜ் கல் மேட்டில் ரயில்போல இறங்கியது.
ஆனால் ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள்
கொண்டையூசி வளைவு வந்தபோது
நான் சொன்னது முன்சக்கரத்துக்குப் போய்ச் சேர
லூப்லியானா அமைச்சகத்துக்குப் போட்ட மனுவின் நேரம் ஆனது.
மீடியமோ, நான் நினைக்குமுன் திரும்பியது.
நினைக்காத இடத்திலும் திரும்பியது.
செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம்
குதிரைக்குட்டியாய்த் தலையைத் தூக்கிற்று.

இரண்டையும் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றோம்.
சேற்றுத் துணியில் விரல் துடைத்தபடி
கொராஸ்ட் கேட்டான்:
நீ வழக்கமாக எங்கே விழுவாய்?

யோசித்தேன்.
இரண்டு வருடத்துக்கு முந்தைய மே மாதம், தோள்பட்டை எலும்பு.
அதன் பிறகு மணிக்கட்டு.
போன அக்டோபரில் கணுக்கால், ஈர வேரில்.
மூன்றும் சுரங்க வாய்க்குக் கீழே, மூன்றாம் வளைவில்.
மூன்றும் பணி முடிந்த காலை எட்டரை மணிக்கு,
கண் எரிய, தண்ணீர் வற்றிய முதுகோடு.
உயரமாக இருக்கும்போது நான் விழுந்ததே இல்லை.

அப்படியென்றால்
விழுகிறவளின் அளவைக் கொடு, என்றேன்.

ஹேண்டில் தண்டைப் பத்து மில்லிமீட்டர் நீளமாக மாற்றினான்.
சீட்டை இரண்டு விரற்கடை தூக்கினான்.
தொண்ணூறு யூரோ தள்ளுபடி கேட்டு
நாற்பது வாங்கினேன்.

அந்த லார்ஜை சனிக்கிழமையே
ராவ்னேயிலிருந்து வந்த டீலென் வாங்கிவிட்டான்,
பள்ளியில் வேதியியல் நடத்துபவன், நெடியவன்.
நேர் சரிவில் என்னைக் கடந்து போகிறான்,
முதுகில் சட்டை மட்டும் படபடக்க.
பார்க்காததுபோல் பார்ப்பேன்.

விடுமுறை நாளில்,
எட்டு மணி நேரம் தூங்கி ஊறி எழுந்த மாலையில்,
ஏற்றம் மிதிக்கும்போது மட்டும்
முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறது.
டொக்.
கொராஸ்டிடம் இன்னும் சொல்லவில்லை.