மீதி வாக்கியம்

அதிகாலை நான்கு மணிக்குச்
சிப்பிகள் குவியலாய் வந்து விழும்.
குரே கடலின் குளிர் இன்னும் ஓட்டுக்குள் இருக்கும்.
மூடிய வாயின் இடுக்கைத் தடவிப் பார்த்து
கத்தியை நுழைத்து
உள்ளே இறுகப் பிடித்திருக்கும் தசையை அறுத்தால்
திறந்துகொள்ளும்.
இந்த ஊர் வாய்களில்
எனக்குத் திறக்கத் தெரிந்தவை இவை மட்டும்தான்.

ஹனோயில் எட்டு மாதம் படித்த ஜப்பானிய மொழியைத்
துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தேன்.
கொட்டகையில் யாரும் அதைப் பேசவில்லை.
முதல் வாரம் முழுக்கக் காதில் விழுந்தது
'தைகீ' என்ற சொல்.
என் அகராதியில் இல்லை.
கையுறையைக் கழற்றும்போது கினுயே சொல்வாள்.
மாடிப்படியை அண்ணாந்து பார்த்து
முதலாளி ஹமாஓகா சொல்வார்.
ஆலங்கட்டி மழையில் கம்பியை விட்டு நகராத ஒரு காக்கையைக் காட்டி
எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.
அசதி, சலிப்பு,
'போடா நீயும் உன் வேலையும்',
மூன்றையும் ஒரே உலையில் போட்டுக் கிண்டியது.
அந்த மொழியில் நான் முதன்முதலாகத்
தூக்கத்தில் உளறிய சொல் அதுதானாம்.
அறைத்தோழி சொன்னாள்.

என் பெயர் ஞுங்.
எங்கள் பேச்சில் வெல்வெட் என்று அர்த்தம்.
இங்கே 'நியுன்'.
பூனையைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது,
ஆனாலும் திரும்பிவிடுகிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு மொழித்தேர்வு.
கழிவறைக் கண்ணாடி முன்
மரியாதை விகுதிகளை ஒவ்வொன்றாய் மாட்டிப் பார்த்துவிட்டு
விடுப்புக் கேட்டேன்.
ஹமாஓகா காலண்டரைப் பார்த்தார்.
பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.
தலை ஒரு பக்கம் சாய்ந்தது.
"முதல் ஞாயிறு… ச்சொத்தோ…"

ச்சொத்தோ என்றால் கொஞ்சம்.
முதல் பாடத்திலேயே வரும்.
கொஞ்சம் என்ன?
கொஞ்ச நேரம் போய் வா என்றா,
கொஞ்சம் பொறு என்றா?
வினைச்சொல் கடைசியில்தான் வரும்,
அவசரப்படக் கூடாது என்று
வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.
காத்திருந்தேன்.
செவ்வாய். புதன்.
வியாழக்கிழமை சூடான காப்பி டப்பா ஒன்றைக்
கையில் வைத்துவிட்டுப் போனார்.
அதுதான் வினைச்சொல் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கினுயேயிடம் கேட்டேன்,
"மீதியை எப்போது சொல்வார்?"
கத்தி நிற்கவில்லை.
"மீதி ஏது?
அன்றைக்கே முடித்துவிட்டாரே."

அந்த ஞாயிறு,
ஹிரோஷிமாவில் ஒரு காலி மேசை மேல்
கேட்டல் தாள் கவிழ்ந்து கிடந்திருக்கும்.
வானொலி அலை உயரம் சொன்னது. ஒன்றரை மீட்டர்.
முழுக்கப் புரிந்தது.
பதினோராவது கிலோவைத் திறந்துகொண்டிருந்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஹமாஓகா வந்து நின்றார்.
கையில் ஒப்பந்தத் தாள்.
அடுத்த பருவமும் இருப்பாய்தானே?
நான் காலண்டரைப் பார்த்தேன்.
பல்லிடுக்கில் காற்றை இழுத்தேன்,
குளிரில் கடைவாய் கூசியது.
"அடுத்த பருவம்… ச்சொத்தோ…"

ஏழு கத்திகளும் நின்றன.
கினுயேவுக்கு இருமலாகத் தொடங்கியது
சிரிப்பாகப் போய்விட்டது.
அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டி,
ஒன்றும் கேட்காமல் நடந்தார்.
மார்ச் மாதச் சம்பளச் சீட்டில்
கிலோவுக்கு இருபது யென் கூடியிருந்தது.
அதற்கும் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை.
நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி கூப்பிட்டான்.
பழைய பைக் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம்,
அடுத்த மாதம் பணம் அனுப்ப முடியுமா?
எங்கள் மொழியில்,
நான் பிறந்த மொழியில் சொன்னேன்:
"அடுத்த மாதம்… கொஞ்சம்…"

அந்தப் பக்கம் சேவல் கூவுவது கேட்டது.
அவன் காத்திருந்தான்.
பிறகு கேட்டான்,
"கொஞ்சம்னா எவ்வளவு?"