கெட்டி மணல்

உலகத்திலேயே பெரிய வீரர் யார் என்ற சண்டை
காலை ஆறேகாலுக்குத் தொடங்கும்
கண்டீரவா பின்கேட்டுக்கு எதிரே
முனியப்பாவின் டீ வண்டியில்
முதல் பால் பொங்கும்போது.

ஆஸ்டின் டவுன் அந்தோணிசாமிக்குப் பந்துதான்.
காலால் யோசிக்கத் தெரிந்தவனே வீரன்,
மற்றதெல்லாம் டிரில் பீரியட் என்பான்.
பத்து நொடிக்குள் ஓடி முடித்த ஒருவனை
பதினைந்து வருடமாய் இறக்கி வைக்காமல்
சுமந்து திரிகிறார் இருதயராஜ்.
வேடியப்பன் நோட்டைத் திறப்பான்.
சராசரி, சதம், வெளிநாட்டு மண்ணில் எத்தனை,
எல்லாம் பச்சை மையில்.
மஞ்சுநாத் குஸ்திக்காக
கன்னடத்தில் ஆரம்பித்து
தமிழில் திட்டி முடிப்பான்.

ஒருநாள் நீச்சல்குளத்துப் பரிமளா
டம்ளரைக் கீழே வைத்துக் கேட்டாள்:
இதுவரை பதினோரு பேர் சொன்னீர்கள்,
அதில் ஒருத்தி இல்லையே.
பிள்ளை பெற்ற எட்டாம் மாதம்
களத்துக்குத் திரும்பியவளை
எந்தப் பக்கத்தில் எழுதுவான் வேடியப்பன்?
கொஞ்ச நேரம் ஸ்டவ் மட்டும் பேசியது.
பிறகு யாரோ பன் கேட்டார்கள்.
சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

நான் பேசமாட்டேன்.
நீளம் தாண்டுதல் குழியில்
மணல் சமன் செய்கிறவன்.
இருபத்தாறு வருடம்.
அதற்கும் வெகுகாலம் முன்னால்
இந்த இடம் சம்பங்கி ஏரியாம்.
மழை நாளில் குழியின் அடியில்
இன்னமும் அது கசியும்.

ஒரு ஜூனியர் மீட்.
நடுவர் வரவில்லை, சும்மா நில்லுப்பா என்று
இரண்டு கொடியையும் என் கையில் திணித்தார்கள்.
அவள் மாரிக்குப்பம் பாசஞ்சரில் வந்திருந்தாள்,
தங்கவயல் பெண், எஸ்தர் ஜெயசீலி.
இரவல் ஸ்பைக்ஸ். ஒரு சைஸ் பெரிது.
முனையில் பஞ்சு அடைத்திருந்தாள்.

இரண்டாவது தாண்டல்.
ஓடி வந்தது நினைவில்லை.
மிதித்த சத்தம் நினைவிருக்கிறது,
மேலே போனவள் இறங்க மறந்ததும்.

குழியின் கடைசி மூன்று அடியை
நான் கிளறுவதே இல்லை.
அதுவரை யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.
அவள் விழுந்தது அங்கே,
கெட்டி மணலில். முழங்கை சிராய்த்தது.

குனிந்து பார்த்தேன்.
களிப்பட்டையில் ஒரு கோடு,
நகத்தை அழுத்தின மாதிரி.
தாண்டியது ஷூவின் பஞ்சு.
அவள் விரல் பின்னால்தான் இருந்திருக்கும்.
விதிக்கு விரல் தெரியாது.
சிவப்பைத் தூக்கினேன்.

தப்பான தாண்டலை அளக்கமாட்டார்கள்.
டேப் சுருண்டே கிடந்தது.
அவள் என்னைப் பார்த்து
சாரி சார் என்றாள். என்னிடம், சாரி!
மூன்றே இழுப்பு இழுத்தேன்.
மணல் மறந்துவிட்டது.

மூன்றாவதில் பயந்து தாண்டினாள். நான்காம் இடம்.
அஞ்சரை ரயிலுக்கு ஓடினாள்.
அடுத்த வருடப் பட்டியலில் தேடினேன்,
அதற்கடுத்த வருடமும்.

உண்மையில் அவ்வளவு தூரமா?
தெரியாது.
பத்தொன்பது வருடத்தில் அரை அடி
நானே கூட்டியிருக்கலாம்.
ஞாபகத்துக்கு யார் டேப் பிடிப்பது?

இன்றைக்கு அந்தோணிசாமி விடவில்லை.
நீ சொல்லு தாவீது,
உள்ளேயே கிடக்கிறாய், எத்தனை பேரைப் பார்த்திருப்பாய்.
எல்லோரும் திரும்பினார்கள்.
வேடியப்பன் பேனா மூடியைக்கூடக் கழற்றிவிட்டான்.

பந்துக்காரன்தான் என்றேன்.
இன்று டீக்காசு அவனுடையது.

ஏழு மணிக்குக் குழியைக் கிளறினேன்,
முன்னாலிருந்து கடைசி அடி வரை,
அந்த மீட்டுக்குப் பிறகு தினமும் செய்வதுபோல.
புது மேனேஜர் பாலத்தண்டை நின்று கேட்டார்:
அங்கே எவன் விழப்போகிறான், எதற்கு வீண் வேலை?

ஈரம் சார், என்றேன்.
அடியில் ஏரி இருக்கிறது.