இருபத்திரண்டு மில்லிமீட்டர்

குவீன் தெருக் கடைவீட்டில்
ஏணிமேல் நிற்கிறேன்.
ஈரமானியின் இரண்டு ஊசிகளையும்
உத்திரத்தில் அழுத்துகிறேன்.
பாம்பு கொத்தினாற்போல் இரு துளை,
சென்ற முறை கொத்தியதற்குப் பக்கத்திலேயே.

செங்கால் மரம்.
செங்கல் என்றே காதில் வாங்கி
"கல்லுக்கு எதுக்கும்மா ஈரம் பாக்குறீங்க?" என்கிறார்
வீட்டுக்காரர் சிக்கந்தர் பாவா.

நடுவில் பன்னிரண்டு சதவீதம்.
சுவருக்குள் நுழையும் முனையில் இருபத்து நான்கு.
ஒரே மரம்:
முனையில் ஐப்பசி, நடுவில் மாசி.

அதே நைலான் கயிறு, அதே இரும்பு அளவுகோல்.
முதல் வருடம் பதினான்கு.
பிறகு பதினெட்டு.
இன்று இருபத்திரண்டு.

"மேலே ஒரு சாமானும் கூட்டலையே."
உண்மைதான்.
அதே நான்கு கட்டில், அதே பீரோ.
குளியல் தொட்டியைக்கூட
என் பேச்சைக் கேட்டு வாங்கவில்லை.

பாரம் ஏறவில்லை பாவா.
ஈரம்தான் ஏறி இறங்குகிறது.
பள்ளி விடுமுறையில் அறைகள் நிறைந்து
இரவும் பகலும் ஏர்கோன் ஓட
மரம் தன் தண்ணீரைக் கொடுத்துக் கொடுத்துத் தொய்கிறது.
ஆளில்லாத மழை மாதங்களில்
பூட்டிய அறைக்குக் கீழே மெல்லத் திரும்ப வாங்கிக்
கொஞ்சம் நிமிர்கிறது.
தாழ்ந்த அளவுக்கு நிமிர்வதில்லை.

ஒரேயடியாக நனைந்தே கிடந்திருந்தால்
உளுத்திருக்கலாம்.
இவ்வளவு வளைந்திருக்காது.

"போன மாசம் தஸ்பீஹ் அறுந்துபோச்சு.
மணி எல்லாம் தானாவே
ரூம் நடுவுக்கு வந்துடுச்சும்மா,
தேடுற வேலையே இல்ல."
சிரிக்கிறார். பிறகு,
"ஒடிஞ்சிடுமா?"

ஒடியாது.
இதைச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காத வேலை.
ஒடியாது என்றதும்
மீதியை யாரும் கேட்பதில்லை.

சட்டைப்பையில் கைப்பேசி அதிர்கிறது.
சிங்கப்பூரிலிருந்து கதிரேசன்:
வெள்ளிக்கிழமை பஸ் கிடைத்துவிட்டது,
விடியற்காலை பட்டர்வொர்த்,
ஞாயிறு இரவே திரும்பணும்.

ஆறு வருடமாக
இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளி.
'சரி' என்று அடித்து அனுப்புகிறேன்.
ஊசிகளுக்கு மூடி போடுகிறேன்.

அறிக்கையில்:
ஏர்கோனை ஒரே நிலையில் வைக்கவும்.
முடியாதெனில் அடியில் தூண்.
சுமையை இறக்கினாலும்
பழைய கோட்டுக்கு வராது.

மாடியில் பாவா
மைலோ பெட்டி அட்டையை நாலாக மடித்து
பீரோ காலுக்குக் கீழே செருகுகிறார்.
"இப்ப கதவு சாத்துது பாருங்க."

சாத்துகிறது.
அடுத்த அளவு ஜனவரியில்.