நாக்கும் நகமும் சிவப்பு

ஊரின் பெயர் பாரி.
முல்லைக்குத் தேர் கொடுத்தவனுக்கும் இதற்கும்
ஒரு தொடர்பும் இல்லை. இங்கே ஏப்ரலிலும் பனி.
பேஃபீல்ட் வீதியில் பல் வைத்தியருக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில்
என் தையல் கடை.
எம்பிராய்டரி மெஷின் ஒன்று,
கடன் இன்னும் முடியவில்லை.

மாஸ்டர் கோப்ரல் டெஷார்லே கொண்டுவந்த தாளில்
படம் சின்னது, விளக்கம் பெரியது.
நீலத் தளம். பின்காலில் எழுந்து நிற்கும் பொன் சிங்கம்.
கையில் மண்வெட்டி; பாலம் கட்டும் படையாம்.
சுற்றிவர மேப்பிள் இலை பதினொன்று.
ராணி போய் ராசா வந்ததில்
மகுடத்தின் உச்சியை மாற்றச் சொல்லி உத்தரவு:
சிலுவை இருந்த இடத்தில் இனிப் பனிப்பூ.
கடைசி வரியில்,
நாக்கும் நகமும் சிவப்பு.

நாக்குக்கு ஏன் தனி நிறம் என்றேன்.
"இல்லாவிட்டால் அது பூனை, மேம்."
சிரித்தோம்.

நாற்பத்திரண்டு அணிவகுப்புக்கு, நிறத்தோடு.
நாற்பத்திரண்டு களத்துக்கு, எல்லாமே பச்சையும் கறுப்பும்.
சிவப்பு தூரத்துக்குத் தெரிந்துவிடுமாம்.
ஆக, ஊர்வலம் போகிற சிங்கத்துக்குத்தான் ரத்த நாக்கு.
சண்டைக்குப் போவது
குழை தின்ற ஆட்டைப்போலப் பச்சை வாயோடு போகும்.

இரவு. மெஷின் ஓடுகிறது.
ஒரு சிங்கத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் தையல்.

எங்கட பழைய ஆட்கள் பூச்சூடிப் போனார்கள்.
மாடு கவர வெட்சி,
மீட்கக் கரந்தை,
நேருக்கு நேர் என்றால் இரு பக்கமும் தும்பை.
எதற்கு வந்தவன் என்று தலையே சொல்லிவிடும்,
பொழுது சாய வாடியும் விடும்.
அந்த வாடல் ஒன்றுதான் அதில் எனக்குப் பிடித்தது.
இது பாலியஸ்டர்.
இந்தப் பனிப்பூ கொதிநீரிலும் கரையாது.

தாண்டிக்குளத்தில் வரிசை நிற்கையில்
முகத்தைப் பார்க்காதே என்று எவரும் சொல்லித் தரவில்லை.
கண் தானாகவே தோளுக்குப் போகும்.
பன்னிரண்டு வயது.
சட்டைக்குள் இரண்டு டோர்ச் பற்றரி,
கொண்டு போகக்கூடாத சாமான்.
அந்தத் தோளில் ஒரு சிங்கம்.
அதன் வால் மடிந்த விதம் நினைவிருக்கிறது.
ஓரம் பிரிந்து தொங்கிய நூல்கூட.
நாக்கின் நிறம் நினைவில்லை.
நாக்கு இருந்ததா?

பதினேழாவதில் சிவப்பு நூல் அறுந்தது.
மெஷின் நின்று கீச்சிட்டது.
வாய் திறந்தபடி, உள்ளே வெறும் நீலத்தோடு
சிங்கம் கிடந்தது,
யாரையும் அதட்டத் தெரியாமல்,
அடையாள அட்டை கேட்கத் தெரியாமல்.
தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே விட்டு வைத்தேன்.
பிறகு நூல் கோத்தேன்.
முற்பணம் வாங்கிய வேலை.

வெள்ளிக்கிழமை டெஷார்லே வந்தான்,
பூட்ஸில் தெரு உப்பின் கறை.
கையிலிருந்த பழைய சின்னத்தைச் சரக்கென்று பிய்த்தான், வெல்க்ரோ.
புதிய பச்சையை எடுத்து அப்பினான்.
கோணல்.

பொறு என்றேன், தமிழில்.
கவுண்டரைச் சுற்றி வந்தேன்.
இரண்டு விரலால் கழற்றி
மகுடம் மேலே வருமாறு திருப்பி வைத்து
உள்ளங்கையால் அழுத்தினேன்.

துணிக்குக் கீழே தோள் சூடாக இருந்தது.

வரியோடு அறுநூற்றுப் பதினேழு டொலர் என்றேன்.