அக்குள் இடைவெளி

புதுவயலில், அரிசி ஆலைகளுக்குச் சல்லடை அடிக்கும் பட்டறையில்
ஞாயிற்றுக்கிழமைப் போருக்கு
மார்க்கவசம் தட்டுகிறேன்.
பதினாறாம் கேஜ் தகடு.
சேவுகமூர்த்தி: நெஞ்சு நாற்பத்திரண்டு,
மூச்சிழுத்தால் நாற்பத்து நாலு.
தொப்பையை எழுதாதே என்றான்.
எழுதவில்லை. தகட்டிடம் எப்படி மறைப்பது?

லாரிப் பட்டையைக் கூராக்க அரைமணி போதும்.
கூரில்லாமல் ஆக்கத்தான் ஒரு பகல் போகிறது.
விளிம்பு மூன்று மில்லிமீட்டர், முனை உருண்டை.
தவிட்டு மூட்டை ஏற்ற வந்த டிரைவர்
எடுத்துக் கட்டைவிரலால் தடவினார்.
“அய்யனாருக்கு நேந்ததா?”
“இல்லண்ணே. இது வெட்டாது.”
“அப்புறம் எதுக்கு?”
கிரைண்டரைப் போட்டுவிட்டேன்.

பள்ளத்தூர்ச் சாலைப் பொட்டல். சுண்ணாம்புக் கோடு.
சீட்டுக் குலுக்கியதில்
அவன் பாண்டியன், நான் சோழன்.
பத்தரை மணி வெயிலில்
இரண்டு பேரும் இட்லிக் கொப்பரை.

இடது அக்குளில் இரண்டு விரல் விட்டிருந்தேன்.
விடாவிட்டால் கை எழும்பாது.
அது எங்கே திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும்
என்பது அளவெடுத்தவனுக்குத் தெரியும்.

மூன்றாம் சுற்றில் கை ஓங்கினான்.
திறந்தது.
உள்ளே நனைந்த பனியன்,
அதில் ஒரு பொத்தல்.

என் வாள் போய்
தோள்தகட்டில் விழுந்தது.
அந்தச் சத்தத்துக்குப்
பொட்டலில் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தலைதூக்கின.

திங்கட்கிழமை
கவசத்தை டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்தான்.
“ஒடுக்கு எடுக்கணும்.”
“நூத்தம்பது.”
“அடிச்சதே நீதானடா!”
“அதான் நூத்தம்பது.”

பணத்தை எண்ணி வைத்துவிட்டு
கையைத் தூக்கிக் காட்டினான்.
“இந்தா பாரு, உரசிப் புண்ணாயிருச்சு.
இன்னும் ஒரு விரல் விடு.”