இறுக்கி மிதி

பழைய துணிக்கடையில்
ஒன்பது யூரோவுக்கு வாங்கிய கோட்டின்
உள்பையில் இருந்தது அந்த உறை.
முளைக்கோஸ் விதை. கெடு முடிந்து ஈராண்டு.
பின்புறம் பென்சிலில் யாரோ
இரண்டே சொல் எழுதியிருந்தார்:
இறுக்கி மிதி.

முளைக்கோஸை நான் விரும்பித் தின்றவளில்லை.
ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல்கள் வியர்க்க
வீடெல்லாம் கந்தகம் நாற வேகும் அது.
ஆனாலும் மார்ச் கடைசியில்
முட்டை அட்டையின் குழிகளில் மண் போட்டேன்.
தான் கடுகா கோஸா என்று
தனக்கே தெரியாத உருண்டைகள்.
நாற்பது போட்டேன். எழுந்தது பதினொன்று.

பிரீஸ்லாந்தின் ஒரு வாய்க்காலில்
பாலம் தூக்குவது என் வேலை.
கயிற்றில் தொங்கும் மரச்செருப்பை நீட்டுவேன்,
படகுக்காரர்கள் காசு போடுவார்கள்.
பாலத்துக் குடிசையின் ஜன்னலில்
நாற்றுகள் தண்ணீர்ப் பக்கமே சாய்ந்தன,
எந்தப் படகிலாவது ஏறிவிடுவதுபோல.
பாலம் இறங்கும்போதெல்லாம்
தட்டைத் திருப்பி வைப்பேன்.
அன்றைக்கு எத்தனை படகோ அத்தனை திருப்பல்.

ஜூனில் தோட்டத்துக்கு மாற்றினேன்.
கடல் விட்டுப்போன களிமண்.
பூப்போலக் கொத்தி வைத்த மண்ணைக்
குதிகாலால் மிதிக்க மனம் வரவில்லை.
இதற்கொரு சோதனை உண்டாம்:
ஓர் இலையைப் பிடித்து இழுக்க வேண்டும்,
இலை கிழியலாம், செடி வரக்கூடாது.
முதல் செடி மொத்தமாய்க் கையோடு வந்தது.
பிறகு மிதித்தேன்.
சுற்றிச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு.
கடைசியில் நட்ட நோஞ்சானை மட்டும்
உள்ளங்கையால் அமுக்கியதோடு விட்டுவிட்டேன்.

வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் வந்தன.
படுக்கையறையின் வலைத்திரையைக் கழற்றிச்
செடிகளுக்குப் போர்த்தினேன்.
எதிர்வீட்டு வீபே இரண்டு வாரம்
தலையைக் குனிந்தே சைக்கிள் ஓட்டினான்.
திரையின் ஓட்டை வழியே புழு ஒன்றைத் தின்றது.
மூன்றைப் புறா கொத்தியது.
புறா வளர்ப்பவன் அவன்தானே, கேட்டேன்.
'என் புறாக்கள்
பார்சலோனாவில் விட்டாலும் வீடு திரும்புபவை.
கீரை மேயாது, யெல்ட்யே,
அது காட்டுப்புறா' என்றான்.

அக்டோபர்க் காற்றில் ஏழும் ஆடின.
முட்டுக்கொடுத்தேன், பழுத்த இலைகளை உருவினேன்.
அப்போதுதான் பார்த்தேன்.
இலைக் கக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு.
அடியில் கோலிக்குண்டு,
இடுப்பில் சுண்டைக்காய்,
உச்சியில் மிளகு.
நான் இரக்கம் காட்டிய நோஞ்சானில் மட்டும்
எதுவும் இறுகவில்லை.
ஒவ்வொன்றும் அவிழ்ந்து, விரிந்து,
அழகாகத்தான் இருந்தது,
ஒன்றுக்கும் உதவாத அழகு.

நவம்பரில் படகுகள் நின்றன.
பாலத்தைப் பூட்டிவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு தோட்டத்தில் நின்றேன்.
வாய்க்காலுக்கு அப்பால் ஒருவர்
சைக்கிளில் கால் ஊன்றினார்.
முதலில் கோட்டைப் பார்த்தார். நெடுநேரம்.
பிறகு செடிகளை.
'இப்போது பறிக்காதே.
உறைபனி இரண்டு தடவை விழட்டும்.'
பென்சிலைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
எதிர்க்காற்று.
மிதியை அழுத்துமுன் அவர்
தன் வலது முழங்கையைத் தடவிக்கொண்டார்.
என் கோட்டில் அந்த இடத்தில்தான்
பழுப்புத் துணியில் ஒட்டுத் தையல்.

முதல் உறைபனி விழுந்தது. பொறுத்தேன்.
இரண்டாவது விழுந்த காலையில்
அடியிலிருந்து ஒவ்வொன்றாய் ஒடித்தேன்.
விரல் மரத்துப்போய்
சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.
ஆறு நிமிடம் வேக வைத்து, வெண்ணெய்,
மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் துருவல்.
இனிப்பு என்று சொல்லமாட்டேன்.
கசப்புக்குக் கோபம் தணிந்திருந்தது, அவ்வளவே.

ஒரு படி அளவு பையில் கட்டி
பாலத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டேன்.
யாருக்கு என்று எழுதவில்லை.
எழுதப் பெயர் இல்லை.
மறுநாள் பை இல்லை.
தான் எடுக்கவில்லை என்கிறான் வீபே.
அவனுடைய புறாக்களும் எடுக்கவில்லையாம்.